இருபதாவது நாய்

கூடைக்குள் இருப்பது பொட்டையா, கடுவனா? துண்டை விலக்க வேண்டாம் தம்பி, பஸ் இரைச்சலில் மிரண்டுவிடும். சும்மாதான் கேட்டேன். பொட்டையா? அப்படித்தான் நினைத்தேன். பொட்டைக் குட்டியைத்தான் இப்படிக் கூடையில் வைத்து யார் தலையிலாவது கட்டிவிடுவார்கள். கடுவன் என்றால் அவர்களே வைத்துக்கொள்வார்கள்.

தப்பாக நினைக்காதீர்கள். இருபத்தேழு வருஷமாக மிருகங்களோடு இருக்கிறவன். பூதலிங்கம் என்று பெயர். கால்நடை டாக்டர். ஊரின் பெயர் வேண்டாம், விஷயம் விசாரணையில் இருக்கிறது. தெருநாய்களுக்குக் கருத்தடை செய்கிற மையம் ஒன்று எங்கள் நகராட்சியில் உண்டு. ஆறு வருஷமாக அதற்கு நான்தான் பொறுப்பு.

ஆபரேஷனா? ஆறு மாதம் ஆகட்டும். எந்த முறையில் செய்வது நல்லது என்று கேட்கிறீர்களா? பரவாயில்லையே. இரண்டு முறை இருப்பதே முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. ஆனால் அதை இன்றைக்கு, இந்த பஸ்ஸில், என்னிடம் வந்து கேட்டீர்கள் பாருங்கள். என் மடியில் இருக்கிற இந்தக் கோப்பு முழுக்க அதுதான். பதினொரு பக்கம். நடுவில் ஓர் அட்டவணை. பதினொரு மணிக்குத் திருநெல்வேலியில் இதை நீட்டி, இதில் இருப்பதெல்லாம் உண்மை என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஒரு பெண்ணுக்கு வேலை போகும். ஒப்பந்த வேலைதான், ஒரு கையெழுத்தில் போய்விடும். வேலை போனால்கூடப் பரவாயில்லை, இருபத்தெட்டு வயதில் பெயரோடு ஒரு கரும்புள்ளி ஒட்டிக்கொண்டால் அப்புறம் எந்த ஊரில் கத்தி எடுப்பாள்?

எனக்கு அவள்மேல் ஒன்றும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முறையைக் கேட்டீர்கள். ஒன்று நடுவயிற்று முறை. நாயை மல்லாக்கப் படுக்கவைத்து, தொப்புளுக்குக் கீழே நேராகத் திறப்பது. நான் படித்தது அது, இருபத்தேழு வருஷமாகச் செய்வது அது. இரண்டு பக்கத்துச் சினைப்பையும் கண்ணுக்கு முன்னால் வந்துவிடும். எங்கேயாவது ரத்தம் கசிந்தால் வெட்டை இன்னும் இரண்டு விரல் நீட்டிக்கொள்ளலாம். தேடிப் பிடித்துக் கட்டலாம்.

இன்னொன்று பக்கவயிற்று முறை. ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடைசி விலா எலும்புக்கும் தொடைக்கும் நடுவே பள்ளமாக இருக்கும் பாருங்கள், அங்கே இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு ஒரு துளை. வலது பக்கம் திறந்தால் வலது சினைப்பை உடனே கைக்கு வரும். இடது பக்கத்தது ஆழத்தில் கிடக்கும். இழுத்துக் கொண்டுவந்து, ரத்தக்குழாயில் நூலால் கட்டுப்போட்டு வெட்டி விட்டால், அடிக்காம்பு மறுபடி உள்ளே போய்விடும். அப்புறம் கண்ணுக்குத் தெரியாது. போட்ட கட்டை நம்பித்தான் மூட வேண்டும். ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும் இல்லையா, காயம் சின்னது. படுத்தால் மண்ணில் படாது. பால் கொடுக்கிற நாய் என்றால் மடியைத் தொடாமல் முடித்துவிடலாம். தையல் பிரிந்தாலும் குடல் சரியாது. சென்னையில் துளை போட்டுக் கேமராவை உள்ளே விட்டுச் செய்கிறார்கள். எங்களுக்கு இருப்பது ஒரு விளக்கு, அதுவும் கரண்ட் இருந்தால்.

தையல் பிரிந்தாலும் குடல் சரியாது. இதை அவள்தான் சொன்னாள். டாக்டர் பெனிட்டா. நாசரேத்துப் பக்கம். வந்து எட்டு மாதம். பக்கவயிற்று முறையில் கை பழகியவள். எனக்கு மகள் வயது, மகள் மாதிரிதான் நடத்தினேன். அவள் இதைச் சொன்ன நேரம்தான் சரியில்லை.

பங்குனியில் ஒரு நாய். நான் செய்தது. ஐந்து நாள் வைத்திருந்து விட வேண்டியதை மூன்றாம் நாளே விட்டுவிட்டோம். கூண்டு நிறைந்துபோயிருந்தது. விடலாம் என்று கையெழுத்துப் போட்டது நான்தான், மறைக்கவில்லை. அது பஸ் நிலையத்துக்குப் பின்னால் குடலைத் தரையில் இழுத்துக்கொண்டு நடந்தது. எவனோ கைபேசியில் படம் பிடித்துவிட்டான். ஒரே நாளில் ஊர் முழுக்கப் பார்த்தது. என் தங்கை மாப்பிள்ளை துபாயிலிருந்து கூப்பிட்டு, "அத்தான், இது ஒங்க ஆஸ்பத்திரியா?" என்று கேட்கிறார்.

மறுநாள் காலையில் நான் உள்ளே நுழைகிறேன், அவள் கையைக் கழுவிக்கொண்டே சொல்கிறாள்: "சார், பக்கவயித்துல பண்ணியிருந்தா தையல் பிரிஞ்சாலும் குடல் சரிஞ்சிருக்காது."

சரியான பேச்சுதான். தப்பே இல்லை. ஆனால் பக்கத்தில் மாடக்கண்ணு தரையைத் துடைத்துக்கொண்டிருந்தான். நாய் பிடிக்கிறவன், நாய்க்குக் காவல், எங்கள் இரண்டு பேருக்கும் உதவி, எல்லாம் அவன்தான். அவன் சிரிக்கவில்லை. குனிந்துதான் இருந்தான். குனிந்திருக்கிறவன் சிரித்தால் நமக்கு எப்படித் தெரியும்?

கயத்தாறு தாண்டிவிட்டோமா? நேரம் இருக்கிறது.

அன்றைக்குத்தான் நான் சொன்னேன், "சரிம்மா, வாயால பேச வேண்டாம். இருபது நாய் எடுப்போம். நான் நடுவயித்துல பத்து, நீங்க பக்கவயித்துல பத்து. எவ்வளவு நேரம் ஆகுது, எவ்வளவு நேரத்துல எந்திரிக்குது, எப்போ சாப்பிடுது, புண்ணு எப்படி ஆறுது, எல்லாத்தையும் எழுதுவோம். நகராட்சியில கொடுப்போம். எது நல்லதோ அத வச்சுக்கட்டும்."

"ஆளுக்குப் பத்துன்னா போட்டியா சார்?"

"போட்டி இல்லம்மா. ஒப்பீடு."

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "சரி சார். ஆனா ஒண்ணு. நடுவுல ஏதாவது சிக்கல்னா முறையப் பாக்க வேண்டாம். நாயப் பாப்போம்."

"இத வேற சொல்லணுமா" என்றேன்.

இதோ பாருங்கள் அட்டவணை. இடது பக்கம் நான், வலது பக்கம் அவள். கோடு எல்லாம் நானே ஸ்கேல் வைத்துப் போட்டது. இதில் ஒரு எண்ணைக்கூட நான் மாற்றவில்லை. ஆளுக்கு ஒன்பது நாய் முடிந்தபோது என் ஒன்பதும் நன்றாக இருந்தன. அவளுடைய ஒன்பதும் இன்னும் கொஞ்சம் நன்றாக இருந்தன. நாற்பது நிமிஷத்தில் எழுந்து நின்று தண்ணீர் குடித்தன. என்னுடையவை ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டன. மயக்க மருந்தின் அளவில் வித்தியாசம் இருந்திருக்கலாம். அதையும் அடிக்குறிப்பில் எழுதியிருக்கிறேன். நியாயம் நியாயம்தானே.

மாடக்கண்ணு ஒருநாள் சொல்கிறான், "டாக்டரம்மா பண்ணுன நாய்ங்க, சோறு எப்போன்னு நம்மகிட்டயே சண்டைக்கு வருது சார்." சந்தோஷமாகச் சொன்னான். நானும் சிரித்தேன்.

கடைசி நாள் வந்தது. கடைசியாக இரண்டு நாய். எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. அவளுக்கு வந்ததுதான் சீனி.

தெருநாயை வலைபோட்டுத்தான் பிடிப்போம் தம்பி. சீனி நடந்து வந்தது. பஸ் நிலையத்தில் அவித்த கடலை விற்கிற பேச்சித்தாய் என்ற அம்மாள், கழுத்தில் கயிற்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தாள். கடலையும் பன்னும் தின்று தின்று உருண்டையாக இருந்தது அந்த நாய். மூன்று ஈற்றுக் குட்டியும் பஸ் சக்கரத்தில் போய்விட்டதாம். இனி அதைப் பார்க்கத் தன்னால் ஆகாது என்று அவளே கூட்டி வந்துவிட்டாள்.

"யாரு சார் பண்ணுவா? நீங்களா, அந்த டாக்டரம்மாவா?"

"யாரு பண்ணுனாலும் ஒண்ணுதாம்மா."

"ஒண்ணுன்னா அந்த அம்மாவே பண்ணட்டும்." கயிற்றை என் கையில் கொடுக்கவில்லை. "நீங்க பண்ணுன நாய்தான சார் படத்துல வந்துச்சு?"

கேட்டுவிட்டு அவளே சங்கடப்பட்டு, "கோவிச்சுக்கிடாதீங்க சார், எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு" என்றாள். கோபம் ஒன்றும் இல்லை. ஒரு கடலைக்காரி சொல்லியா எனக்குக் கோபம் வரும்?

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேஜை. நான் என் பத்தாவது நாயை இருபத்திரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டேன். எனக்கே அது வேகம்தான். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு அவள் மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். நேரம் குறிக்க வேண்டுமே. அவளுக்கு முப்பது நிமிஷத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. கொழுப்பு. விரலை விட்டால் விரல் தெரியவில்லை. இடது பக்கச் சினைப்பையைக் கஷ்டப்பட்டுத்தான் வெளியே எடுத்தாள். கட்டினாள், வெட்டினாள், அது உள்ளே போனது. கொஞ்சம் தயங்கினாள். அப்புறம் மூடினாள். நாற்பத்தொரு நிமிஷம். எழுதிக்கொண்டேன்.

சீனியைக் கோணி விரித்து நிழலில் போட்டோம். அது எழுந்திருக்கட்டும் என்று பெனிட்டா பக்கத்திலேயே முட்டிபோட்டு உட்கார்ந்தாள். நான், "நகராட்சிக்குப் போயி, ஒப்பீடு முடிஞ்சது, ஒரு வாரத்துல அறிக்கை தர்றோம்னு சொல்லிட்டு வந்துருங்க. கமிஷனர் மத்தியானம் வெளியூர் போறாராம்" என்றேன்.

"இது எந்திரிக்கட்டும் சார். அப்புறம் போறேன்."

"நான் பாத்துக்கிடுறேன். போங்கம்மா."

"ஈறு வெளுக்குதான்னு மட்டும் பாத்துக்கிடுங்க சார்."

எனக்குச் சொல்கிறாள்! இருபத்தேழு வருஷம் ஆனவனுக்கு. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனாள். நான் மேஜையில் உட்கார்ந்து கூட்டல் போட ஆரம்பித்தேன். இருபது நாய்க்கும் நேரத்தைக் கூட்டி, சராசரி போட்டு, எழுந்த நேரம், தின்ற நேரம். என் சராசரி நேரம் அவளுடையதைவிடக் குறைவாக வந்தது. ஒரு தடவைக்கு இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன்.

மாடக்கண்ணு வந்து கதவருகே நின்றான். "சார், கடலைக்காரம்மா நாய்க்கு ஈறு வெளுத்திருக்கு."

"மயக்கத்துல அப்படித்தான்ல இருக்கும்."

போய்விட்டான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தான். "சார், அமுக்கிப் பாத்தேன். செவப்புத் திரும்பல."

"வாரேன் போ" என்றேன்.

இரண்டு கட்டம்தான் பாக்கி. அதை நிரப்பிவிட்டுப் போனேன். நான் போனபோது மாடக்கண்ணு நாயின் தலையைத் தன் தொடையில் வைத்திருந்தான். அதை இறக்காமல், "மெதுவா வாங்க சார்" என்றான். அப்படி ஒரு பேச்சு அவன் என்னிடம் பேசியதே கிடையாது.

மூச்சு நின்றுபோயிருந்தது. வயிற்றைத் திறந்தேன். உள்ளே முழுக்க ரத்தம். இடது பக்கக் கட்டு நழுவியிருந்தது.

வாசலில் பேச்சித்தாய் ஒரு பன்னை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மயக்கம் தெளிந்ததும் பசிக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் போய்ச் சொன்னேன். அழவில்லை. கத்தவில்லை. "கயித்தக் குடுங்க சார்" என்றாள். கயிற்றை எடுத்து வந்து கொடுத்தேன். கைக்குள் சுற்றிக்கொண்டு போனாள். பன்னை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். பெனிட்டா ஸ்கூட்டியில் திரும்பி வரும்போது முதலில் பார்த்தது அந்தப் பன்னைத்தான்.

பழைய வீடியோ ஏற்கெனவே ஊரில் ஓடியிருந்தது. இப்போது இது. பிராணிகள் நலம் பார்க்கிற ஒருவர் மனுக் கொடுத்தார். விசாரணை என்றார்கள். பொறுப்பு டாக்டர் என்ற முறையில் என்னிடம் அறிக்கை கேட்டார்கள். எழுதினேன். பக்கவயிற்று முறையில் இடது காம்பு கண்ணுக்குத் தெரியாது. அனுபவம் குறைந்தவர்கள் கையில் அது ஆபத்து. சாவுக்குக் காரணம், முறையின் குறைபாடும் மருத்துவரின் அனுபவமின்மையும். ஒரு வார்த்தை பொய் இருக்கிறதா, சொல்லுங்கள்? மருத்துவம் தெரிந்த எவனும் அதை மறுக்க முடியாது. கட்டு நழுவியதா? நழுவியது. போட்டது யார்? அவள்.

எனக்கு அவள்மேல் ஒன்றும் இல்லை.

கங்கைகொண்டான். அந்தக் கம்பெனிச் சுவரைப் பாருங்கள், முடியவே முடியாது.

அவளிடமும் விளக்கம் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தாள். அதன் நகல் எனக்கு வந்தது. நாலே வரி. "இடது பக்கக் கட்டு நழுவி ரத்தம் வெளியேறியதால் இறந்தது. கட்டில் சந்தேகம் இருந்தும் திறந்து பார்க்காமல் மூடியது என் தவறு. இனி இப்படி நடக்காது." கீழே கையெழுத்து.

அந்த நாலு வரியில் என் பெயரைத் தேடினேன் தம்பி. முதல் தடவை கண்ணில் படவில்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி தேடினேன். இல்லை. அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாதான் ஒரு வாரமாக என்னைத் தின்கிறது.

ஏனென்றால், தயங்கினாள் என்று சொன்னேன் அல்லவா? அவள் தயங்கினாள், அப்புறம் மூடினாள் என்று. அந்த இரண்டுக்கும் நடுவில் ஒன்று நடந்தது. அறிக்கையில் அது இல்லை. உங்களிடமும் அதைத் தாண்டித்தான் வந்தேன், பாருங்கள்.

அவள் கையை எடுக்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தாள். முகமூடிக்கு மேல் கண் மட்டும்தான் தெரிந்தது. "சார், இடது கட்டு எனக்குத் திருப்தியா இல்ல. நடுவயித்துல திறந்து ஒரு தடவ பாத்துரலாமா?" என்று கேட்டாள்.

நடுவயிற்றில். என் முறையில். இருபத்தேழு வருஷமாக எதை நல்லது, எதை நல்லது என்று சொல்லி வந்தேனோ அதைத்தான் அந்தப் பெண் கேட்டாள். அதில் மானம் அவமானம் பார்க்காமல் கேட்டாள். திருப்பிப் போட்டு, நாலு விரல் திறந்தால் போதும். பத்து நிமிஷம். நழுவ இருந்த கட்டு கண்ணுக்கு முன்னால் கிடைத்திருக்கும். சீனி இன்றைக்குக் கடலை தின்றுகொண்டிருக்கும்.

நான் நோட்டும் பேனாவுமாக நின்றேன். "அப்போ ஒங்க முறை தோத்துப்போச்சுன்னு எழுதிக்கவா, டாக்டர்?" என்றேன்.

விளையாட்டுக்குத்தான் சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். அவளும் சிரித்தாள், கண்ணில் தெரிந்தது. அப்புறம் குனிந்துவிட்டாள். இன்னொரு தடவை விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். "இருக்கட்டும் சார், நிக்கிற மாதிரிதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு ஊசியைக் கேட்டாள். மாடக்கண்ணு ஊசியைக் கொடுத்தான். கொடுப்பதற்கு முன்னால் என்னை ஒரு பார்வை பார்த்தான்.

நேற்று அவனிடம் பேசினேன். அவனையும் கூப்பிட்டிருக்கிறார்கள், சாட்சியாக. முந்தின பஸ்ஸில் போயிருப்பான். நான் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை, சத்தியமாக. "கேட்டா என்னடே சொல்லுவ?" என்றுதான் கேட்டேன். அவன் கூண்டைக் கழுவிக்கொண்டே, "நீங்க என்ன எழுதியிருக்கீங்களோ அதுக்கு ஆமான்னு சொல்லணும், அவ்வளவுதான சார்?" என்றான். நக்கலா, நிஜமா, எனக்குத் தெரியவில்லை. அப்புறம் குழாயை நிறுத்திவிட்டுச் சொன்னான்: "நான் ரெண்டு தடவ வந்து சொன்னேன்லா சார், அது அதுல இருக்கா?"

இல்லை. அட்டவணையில் பதினாலு கட்டம் இருக்கிறது. மயக்க மருந்து அளவு, வெட்டின் நீளம், நூலின் தடிமன், நேரம். ஈறுக்கு ஒரு கட்டம் போட எனக்குத் தோன்றவில்லை.

குட்டி முழித்துக்கொண்டது போலிருக்கிறது. இப்போது துண்டை எடுங்கள், ஒன்றும் செய்யாது. எங்கே, கொடுங்கள் என்னிடம். கொழுகொழுவென்றுதான் இருக்கிறாள். இதோ பாருங்கள், மேல் உதட்டை இப்படித் தூக்க வேண்டும். கடிக்க மாட்டாள், பல்லே இப்போதுதான் வருகிறது. ஈறு ரோஜா நிறமாக இருக்கிறதா? கட்டை விரலால் அமுக்குங்கள். வெளுத்ததா? விட்டுவிடுங்கள். ஒன்று, இரண்டு. பார்த்தீர்களா, நிறம் வந்துவிட்டது. இவ்வளவுதான். ஆபரேஷன் முடிந்து கொடுப்பார்கள், நீங்கள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக அவசரப்படாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். கால் மணிக்கு ஒரு தடவை இப்படி அமுக்கிப் பாருங்கள். இரண்டு எண்ணுவதற்குள் சிவப்பு வரவில்லை என்றால் டாக்டரைக் கூப்பிடுங்கள். எந்த வேலையில் இருந்தாலும் சட்டையைப் பிடித்துக் கூப்பிடுங்கள். எந்த முறையில் செய்தது என்றெல்லாம் அப்போது கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். இரண்டுமே நல்ல முறைதான்.

யாரிடம் கொண்டுபோவதா? இதற்கு யோசிக்க வேண்டாம், பெனிட்டாவிடம் கொண்டுபோங்கள். எங்கள் ஊருக்கு வந்து டாக்டரம்மா என்று கேட்டால் பஸ் நிலையத்திலேயே வழி சொல்வார்கள். நல்ல கை. சந்தேகம் வந்தால் வெட்கப்படாமல் கேட்பாள். என் வீட்டு நாயாக இருந்தால் நான் அவளிடம்தான்…

ஏன் தம்பி அப்படிப் பார்க்கிறீர்கள்?

ஆமாம். சொன்னேன். நான்தான் சொன்னேன். ஒரு கையில் கோப்பை வைத்துக்கொண்டு சொல்கிறேன். பதினொரு மணிக்குப் பிறகு அங்கே அவள் இருப்பாளா என்று தெரியாமல் உங்களுக்கு வழி சொல்கிறேன்.

பேனா இருக்கிறதா? என்னுடையதைக் கொண்டுவரவில்லை. எழுதியெல்லாம் முடிந்துவிட்டது, இனிப் பேனா எதற்கு என்று மேஜையிலேயே வைத்துவிட்டேன். நன்றி. கூடையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்கள், மேலே வைத்து எழுதிக்கொள்கிறேன். அட்டவணைக்குக் கீழே நாலு விரல் இடம் இருக்கிறது. வண்டி ஆடுகிறது. பரவாயில்லை, கோணலாக இருந்தால் இருக்கட்டும்.

"அறுவையின்போது இடது கட்டில் சந்தேகம் இருப்பதாகவும், நடுவயிற்றைத் திறந்து பார்க்கலாமா என்றும் டாக்டர் பெனிட்டா என்னிடம் கேட்டார்." சரியாக இருக்கிறதா? அடுத்தது. "வேண்டாம் என்று சொன்னேன்."

இல்லை தம்பி. அப்படிச் சொல்லவில்லை. வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை, அதுதான் விஷயம். கேட்டால் அப்படியே தப்பித்துக்கொள்ளலாம். நான் எங்கே தடுத்தேன், அவள்தானே மூடினாள் என்று. யாராலும் மறுக்க முடியாது, அவள்கூட மறுக்க மாட்டாள். இதை அடித்துவிடுகிறேன். என்ன சொன்னேனோ அதை எழுத வேண்டும். அறிக்கையில் இப்படிப் பேசுகிற மாதிரி எழுதலாமா என்று கேட்பார்கள். சிரித்துக்கொண்டு சொன்னதை வேறு எப்படி எழுதுவது?

"அப்போ ஒங்க முறை…"

தச்சநல்லூர் தாண்டிவிட்டதா? அதற்குள்ளா? கண்டக்டர், வண்ணாரப்பேட்டை ஒரு ஆள் இறங்கணும்! தம்பி, குட்டியைப் பிடித்துக்கொள்ளுங்கள், தலையை வெளியே நீட்டுகிறாள். கொஞ்சம் காலை ஒதுக்குங்கள்.

இன்னும் நாலு வார்த்தை பாக்கி இருக்கிறது. அவனும் வந்திருப்பான், மாடக்கண்ணு. ஈறு வெளுத்திருக்கு என்று அவன் வந்து சொன்னது இரண்டு தடவை. அதையும் சேர்த்தால் ஆறு வரி வரும். வாசலில் நின்று எழுதிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், உள்ளே போய்விட்டால் எழுத மாட்டேன். என்னை எனக்குத் தெரியும்.

இந்தப் பேனாவை நான் கொண்டுபோகிறேன் தம்பி.